ஓரத்தில் கருத்த தகடு

கடலுக்குப் போன ஆம்பிளைகளின் உயிர் அவரவர் வீட்டு அடுப்படிச் சுவரில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த காலம் ஒன்று எங்கள் சிப்பித்துறைக்கு இருந்தது. ரொம்பப் பழைய காலமில்லை. செல்போன் டவர் வந்துவிட்டது, ஆனால் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினால் அதில் ஒரு கோடுகூடத் தெரியாது, சுவரில் மாட்டிய கண்ணாடித் தகடு மட்டும் எரியும், சோறு கொதிக்கும்போதும் எரியும், பிள்ளைகள் சண்டை போடும்போதும் எரியும், பெண்கள் ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டே இன்னொரு கண்ணால் மீன் அரிவார்கள், விரலில் கத்தி பட்டால் கட்டியவனைத் திட்டுவார்கள்.

அதைச் செய்தவள் எங்கள் அமலி. வலை பொத்துகிற குடும்பத்தில் பிறந்து, படித்துப் படித்துக் கண்ணாடி போட்டு, தேரி என்கிற செம்மணல் மேட்டுக் கல்லூரியில் வேதியியல் டீச்சராகி, மிச்ச நேரமெல்லாம் அங்கே சோதனைக்கூடத்தில் ஒளிவிடும் பிளாஸ்டிக் செய்துகொண்டிருந்தாள். பாலிமர் என்பாள். கரி அணுக்களை ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை என்று ஜெபமாலை மாதிரிக் கோத்துக்கொண்டே போனால் அந்தக் கோவை நெடுக மின்சாரம் ஓடும், ஓடினால் ஒளிரும், அவ்வளவுதான் விஷயம் என்பாள். அந்தக் கரைசலில் ஒரு சொட்டை, தட்டாமாலை சுற்றுகிற கண்ணாடித் துண்டின் மேல் விட்டால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகப் படியும். அதன் மேல் இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரத்தைப் பசையால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றும் ஈரமும் பட்டுச் செத்துப்போகும். எங்கள் ஊரிலோ காற்றையும் ஈரத்தையும் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைப்பதில்லை. அதனால் ரப்பர் கையுறை பொருத்திய கண்ணாடிப் பெட்டி ஒன்றில் நைட்ரஜனை நிரப்பி, அதற்குள் கையை விட்டுத்தான் அவள் அத்தனை வேலையும் செய்வாள்.

அந்த நைட்ரஜன் சிலிண்டரைச் செம்மண் தேரியில் எந்த வண்டியும் ஏற்றாது. அவளுடைய அக்கா மெற்றில்டாவின் புருஷன் கயித்தான்தான் தோளில் தூக்கிக்கொண்டு போவான். அப்படி ஒருநாள் தூக்கிப்போய் இறக்கியவன், குடுவைக்குள் சுழன்றுகொண்டிருந்த மஞ்சள் திரவத்தை எட்டிப் பார்த்து, "என்ன கொழுந்தியா, பாயசமா?" என்று கேட்க, நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அதற்குள் விழுந்தது.

அமலி வாயில் வந்தபடி திட்டினாள், ஆனால் கீழே கொட்ட மனசு வரவில்லை, அதையே தகட்டில் ஊற்றி அடைத்தாள். கம்பியை மாட்டுவதற்கு முன்னாலேயே தகடு எரிந்தது. ஸ்விட்சை அணைத்தாள், ஃப்யூஸைப் பிடுங்கினாள், அது பாட்டுக்கு எரிந்தது. கயித்தான் மேட்டில் இறங்கி ஓடினால் ஒளி கூடியது, அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தணிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினாள். மெற்றில்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சீட்டாடப் போனா இதுல தெரியுமாட்டி?"

அந்த வாரமே பெண்கள் தேரி ஏறினார்கள். புருஷன் தலையில் கட்டிய துண்டோடு வந்தார்கள், மகனுடைய பனியனோடு வந்தார்கள், ஒருத்தி வேர்வை போதாதோ என்று புருஷனையே காதைப் பிடித்து இழுத்து வந்தாள். அமலி எல்லாருக்கும் பிழிந்து, ஊற்றி, சுழற்றி, அடைத்துக் கொடுத்தாள். வெளியூர்ப் பேராசிரியர்கள் அவள் எழுதியதைப் படித்துவிட்டுத் தாங்களும் செய்து பார்த்தார்கள், எரியவில்லை என்று பதில் போட்டார்கள். அவர்களுக்காகக் காத்திருக்க வீட்டில் ஆளில்லை போல என்று எங்கள் பெண்கள் பாவப்பட்டார்கள்.

பிறகு தகடு ஊர் வழக்கமாகிவிட்டது. சீர்வரிசையில் கட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தகடும் பட்டுத்துணி சுற்றி வந்தது. "உம் புருசன் வலை இழுக்கான் போல, எம்புட்டு வெளிச்சம் பாரு," என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சொன்னாள். மத்தியானம் தணிந்திருந்தால் தூங்குகிறான், திடுதிப்பென்று துள்ளினால் சுறா மாட்டியிருக்கிறது. பங்குச் சாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் தம்முடைய தம்பிக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். எங்கள் மாதா திருவிழாவில் சொரூபத்தைக் கடலோரம் இறக்கிக் கால் நனைப்பார்களே, அந்த அலையிலேயே பெண்கள் தகட்டையும் முக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரில் போடாதீர்கள் என்று அமலி முதல் வருஷம் சொன்னாள். கண்ணாடி ஒட்டித்தானே இருக்கிறது, மாதா காலில் பட்ட தண்ணீர் என்ன செய்துவிடும் என்று கேட்டார்கள். தகடுகள் வெளியே வந்தும் பளிச்சென்று எரியவே, அமலிக்கும் தன் பசையின் மேல் ஒரு கர்வம் வந்து அதற்கப்புறம் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை ஒரு சட்டம் போட்டார். தகடு எரிகிறவரை எந்தக் காற்றானாலும் தேடப் படகு போகும், தகடு அணைந்தால் துக்க மணி அடித்துப் படகுகளைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. தகடெல்லாம் வருவதற்கு முன்னால், முந்தின நாளே செத்துப்போயிருந்த ஒருவனைத் தேடிப் புயலில் போனவன் தொம்மையின் ஒரே மகன், செத்தவன் கரை ஒதுங்கினான், தேடப்போனவன் ஒதுங்கவில்லை. செத்தவனுக்காக இனி ஒரு பிள்ளை சாகக்கூடாது என்றுதான் அவர் அந்தச் சட்டத்தைப் போட்டார், நாங்களும் கை தூக்கினோம்.

அந்தச் சட்டத்தின்படி போன வருஷப் புயலில் கயித்தானின் தகடு அணைந்ததும் மணி அடித்தோம். தேடப் போன படகுகள் பாதிக் கடலில் திரும்பின. மெற்றில்டா தாலியைக் கழற்றினாள், அணைந்த தகட்டை அவனுடைய தலைத்துண்டில் சுற்றி மடியில் செருகிக்கொண்டாள், அதற்கப்புறம் அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை நாங்கள் பார்க்கவில்லை.

இந்த வருஷம் திருவிழா முடிந்த கையோடு வாடைக்காற்று முரட்டுத்தனமாக எழும்பியது. தனியாளாகச் சின்ன வள்ளத்தில் போயிருந்த சில்வேரியன் திரும்பவில்லை. அவனுடைய தகடு எரிந்துகொண்டிருந்ததால் படகுகள் தேடின. நாலாம் நாள் காலையில் அவன் பெண்டாட்டி எஸ்கலின் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகடு அணைந்தது. பக்கத்து வீட்டுக்காரி அலறினாள், மணி அடித்தது, படகுகள் திரும்பி வந்து நங்கூரம் போட்டன.

அமலி துக்க வீட்டுக்கு அக்காவோடு போனாள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள், எஸ்கலின் மட்டும் அழவில்லை. சுவரில் தகடு இருந்த இடத்தில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது.

"இது என்னத்துக்கு?" என்றாள் அமலி.

"திருநா முடிஞ்சதுலேர்ந்தே தகட்டு ஓரத்துல கடுகு கடுகா கருப்பு விழுந்துச்சு டீச்சர்," என்றாள் எஸ்கலின். "அவியளுக்குக் கடல்ல அம்மை கண்டிருக்கோன்னு நெனச்சு வேப்பிலை கட்டுனேன். கருப்பு பெருசாயிட்டே உள்ள வந்துச்சு. நடுவுல மட்டும் ஒரு பொட்டு எரிஞ்சிட்டிருந்துச்சு. இன்னைக்கி அதுவும் போச்சு."

அமலிக்குப் புரிந்துவிட்டது. அது அம்மையில்லை, தண்ணீர். பசையில் எங்கோ மயிரிழை விரிசல், அதன் வழியாக ஈரம் நுழைந்து ஓரத்திலிருந்து பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே நடுவுக்கு வந்திருக்கிறது. செத்தது தகடாக இருக்கலாம், சில்வேரியன் அந்த நிமிஷம்கூட எதையாவது பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருக்கலாம். இதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள், சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற அக்காவின் கை மடிக்குப் போவதைப் பார்த்துவிட்டாள்.

மெற்றில்டாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. கயித்தானின் தகடும் ஒரே மூச்சில் அணையவில்லை, அதிலும் ஓரத்தில் கருப்பு விழுந்துதான் அணைந்தது என்று அமலி கேட்காமலேயே தெரிந்துகொண்டாள். போன வருஷம் இதை யாரும் சொல்லவில்லை, அவளும் விசாரிக்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் எஸ்கலின் புருஷனைத் தேடப் படகு போகும், அதே வாயால், உயிரோடிருந்த உன் புருஷனை நடுக்கடலில் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம் என்று அக்காவிடமும் சொன்னதாகிவிடும். அக்காவைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, கடலைப் பார்க்கக்கூட அவ்வளவு பயந்ததில்லை.

"சொல்லுட்டி," என்றாள் மெற்றில்டா, கல்லு மாதிரி நின்றுகொண்டு. "அங்க ஒருத்தன் தண்ணியில கெடக்கான். நீ என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்காத."

அமலி கடற்கரைக்கு ஓடினாள். தொம்மை படகுச் சாவிகளை வாங்கித் தம்முடைய சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "முடியாது," என்றார்.

"மாமா, தகடு பொய் சொல்லியிருக்கலாம்."

"இருக்கலாம்னு சொல்லாத, அமலி. காத்தப் பாத்தியா? இருக்கலாம்ங்கதுக்காவ இத்தன பேரு பிள்ளையளையும் நான் அனுப்பவா? எம் மவன் போன மாரி இன்னொருத்தன் போணுமா? நிச்சயமாத் தெரியும்னா சொல்லு, நானே மொத ஆளாப் போறேன்."

"தகடு பொய்யான்னு நிச்சயமாத் தெரிஞ்சிக்க வழியிருக்கு. உங்க அப்பாவோட தகடு வச்சிருக்கியளா?"

தொம்மையின் அப்பா தவக்காலத்தில் தன் கட்டிலிலேயே செத்தவர். சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசும்போது, ஊர்ப்பெரியவர்கள் அத்தனை பேர் முன்னால், அவருடைய தகடு ஊதி அணைத்த மாதிரி ஒரே நொடியில் அணைந்தது. அது பீரோவில் இருந்தது. தொம்மை அதை எடுத்துக்கொண்டு தேரி ஏறினார், அவருக்குப் பின்னால் ஊரே ஏறியது, செம்மணலில் கால் புதையப் புதைய, எஸ்கலின் தகட்டைச் சோற்றுப் பானை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போக, மெற்றில்டா எல்லாருக்கும் கடைசியில் வந்தாள்.

சோதனைக்கூடத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். பகலிலும் உள்ளே கும்மிருட்டு. அமலி ஊதா விளக்கைக் கையில் எடுத்தாள், கள்ளநோட்டுப் பார்க்க வங்கியில் வைத்திருப்பார்களே, அந்த ஜாதி விளக்குதான்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள். "ஆளு செத்தா தகடு தானா எரியுறத நிப்பாட்டிரும். ஆனா உள்ள இருக்க பிளாஸ்டிக் அப்படியேதான் இருக்கும், அது சாவாது. இந்த விளக்க அடிச்சா அது பச்சையா ஒளிரும். ஈரம் பட்டு பிளாஸ்டிக்கே செத்திருந்தா, நாம என்ன அடிச்சாலும் ஒளிராது. எஸ்கலினோட தகடு எரிஞ்சா சில்வேரியன் உசுரோட இல்ல. எரியலன்னா, தகடு நம்மள ஏமாத்திருச்சு, அவன் இருக்கானா இல்லையான்னு நமக்குத் தெரியாது, தேடித்தான் ஆவணும்."

முதலில் தொம்மையின் அப்பாவுடைய தகட்டின் மேல் விளக்கைப் பிடித்தாள். தகடு முழுவதும், ஓரத்திலிருந்து ஓரம்வரை, அவர் உயிரோடு வலை இழுத்த காலத்தில் எரிந்த அதே பச்சையில் ஒளிர்ந்தது. தொம்மை சிலுவை போட்டுக்கொண்டார். "அப்பா," என்று அவர் மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

பிறகு எஸ்கலின் தன் தகட்டை மேசையில் வைத்தாள். இத்தனை வருஷமாக, எரியட்டும் எரியட்டும் என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்ட பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு, எரியக்கூடாது மாதாவே, எரியக்கூடாது, இருட்டாவே இருக்கட்டும் தாயே, ஒரு பொட்டுகூட எரியக்கூடாது என்று முணுமுணுத்தார்கள், அந்த முணுமுணுப்பு கூடம் முழுக்க மோதி மோதித் திரும்பியது. எஸ்கலின் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். அமலி விளக்கை அமுக்கினாள்.

எரியவில்லை. அமலி விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள், இந்த ஓரம், அந்த ஓரம், நட்ட நடு, எங்கேயும் ஒரு துளி பச்சை இல்லை. நாங்கள் அந்த இருட்டைப் பார்த்துக் கைதட்டினோம். எஸ்கலின் அப்போதுதான் அழுதாள். தொம்மை சட்டைப்பையிலிருந்து சாவிகளை எடுத்து வீசிக்கொண்டே வாசலுக்கு நடந்தார், "நான் சொன்ன மாரி நானும் வாரேன், எறக்குங்கலே படகை," என்று அவர் கத்தியது தேரியின் அடிவாரம்வரை கேட்டது. கூட்டம் மணலில் சரிந்து சரிந்து இறங்கி ஓடியது.

கூடத்தில் அமலியும் மெற்றில்டாவும் மட்டும் மிஞ்சினார்கள். மெற்றில்டா மடியிலிருந்து தலைத்துண்டை எடுத்துப் பிரித்தாள். அதில் இன்னமும் கயித்தானின் வாசம் இருந்ததோ என்னவோ, ஒருமுறை முகத்தில் வைத்து எடுத்தாள். தகட்டை மேசையில் வைத்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் அமலி.

"எனக்கு இது எரியணும்," என்றாள் மெற்றில்டா. "எரிஞ்சா, நாம மணி அடிச்சப்போ அவிய நெசமாவே போயிட்டாவன்னு அர்த்தம். ஒரு வருசமா அழுதது சரின்னு அர்த்தம். நீ வெளக்கப் போடு."

அமலி விளக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். மெற்றில்டா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கை வாங்கித் தானே அமுக்கினாள். ஊதா வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தது, கண்ணாடியில் விழுந்து அங்கேயே கிடந்தது. பச்சை வரவில்லை. மெற்றில்டா காத்திருந்தாள், அடுப்பில் தீ பற்றும்வரை நிற்கிற மாதிரிப் பொறுமையாக நின்றாள். அப்போதும் வரவில்லை.

அமலி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் தண்ணீரில் முக்காதீர்கள் என்று இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மெற்றில்டா அவள் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்திருந்தாள். பிறகு தகட்டைத் துண்டில் சுற்றி மடியில் செருகினாள், காலை விடுவித்துக்கொண்டு தேரி இறங்கினாள்.

எங்கள் ஊரில் மீன்பிடிப் படகில் பெண்கள் கால் வைப்பதில்லை. கட்டுமரக் காலத்திலிருந்தே அப்படித்தான், வைத்தால் வலையில் ஒன்றும் படாது என்பார்கள், பிள்ளைத்தாய்ச்சியைக்கூடத் தரை வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். தொம்மையின் படகு கடைசியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. மெற்றில்டா புடவையோடு தண்ணீருக்குள் நடந்தாள், முழங்கால், இடுப்பு, மார்பு என்று அலை ஏற ஏற நடந்தாள். தொம்மை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடியிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் பிடித்திருந்த துண்டையும் பார்த்தார். குனிந்து கையை நீட்டினார், அவள் பிடித்து ஏறினாள், படகின் முன்முனை அணியத்தில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம்வரை கரையில் யாரும் சாப்பிடவில்லை. எஸ்கலின் வெற்றுத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள், அமலி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டு பழகிய எங்களுக்கு, எதுவும் தெரியாமல் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று மறந்தே போயிருந்தது. யாருடைய பெண்டாட்டியும் வீட்டுக்குப் போய்த் தகட்டைப் பார்க்கவில்லை. அது எரிந்தாலும் நம்புவதா, அணைந்தாலும் நம்புவதா என்று தெரியாமல் எல்லாரும் கரையிலேயே நின்றார்கள்.

வெளிச்சம் போகும் முன்னால் படகுகள் வந்தன. தொம்மையின் படகு முதலில் வந்தது, அதில் சில்வேரியன் இருந்தான். கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தவனை முதலில் கண்டது மெற்றில்டாதான் என்று பிறகு சொன்னார்கள். உதடு வெடித்து, கண் உப்பி, பேச்சு வராமல் இருந்தான், ஆனால் உயிர் இருந்தது. எஸ்கலின் தண்ணீருக்குள் விழுந்தடித்து ஓடி அவனைக் கன்னத்தில் இரண்டு அறை அறைந்துவிட்டு அப்படியே கட்டிக்கொண்டாள். வெடி போட்டார்கள், மணியைக் கல்யாண மணி மாதிரி அடித்தார்கள்.

எல்லாரும் இறங்கினார்கள். மெற்றில்டா இறங்கவில்லை.

அமலி தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, எறங்கி வா. நனைஞ்சு போயிருக்க."

மெற்றில்டா திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்க உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவள் குரலில் கோபம் இல்லை, சந்தைக்குப் போன இடத்தில் ஒரு சாமானை மறந்துவிட்டு வந்தவள் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்கு. அவியளத் தேடப் போனவங்க பாதியிலேயே திரும்பிட்டாவ. மிச்சப் பாதிக்குப் போணும்."

வெடிச்சத்தம் நின்றது. ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று அவளிடம் சொல்ல எங்களில் ஒருத்தருக்காவது வாய் வந்திருக்க வேண்டும், கணக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் நாங்கள், ஆனால் படகுகளைத் திருப்பிக் கூப்பிட்ட அந்த மணியை அடித்ததும் நாங்கள்தான். எல்லாரும் தொம்மையைப் பார்த்தோம். அவர் அணியத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், தம்முடைய மகன் போன திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் படகில் ஏறினார்.

"டீசல் கேனத் தூக்கிட்டு வாங்கலே," என்றார். "படகு போவணும்."